விரல் நுனியிலிருந்து காற்று நுண்ணறை வரை: மார்புச் சுவரையும் நுரையீரலையும் படிப்படியாக அறிதல்

நுரையீரலில் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் தசை எதுவும் இல்லை. மூச்சுக்குழல்களின் சுவரில் மென்தசை உண்டு. ஆனால் அது குழலின் விட்டத்தைச் சுருக்க வல்லதேயன்றி, நுரையீரலைப் பெரிதாக்க வல்லதன்று. பிறந்த நொடியிலிருந்து கடைசி மூச்சு வரை நுரையீரலை இழுத்து விரிக்கும் வேலையை மார்புச் சுவரும், மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானமுமே செய்கின்றன. பாடநூல்கள் பலவும் எலும்புகளை ஓர் அத்தியாயத்திலும் நுரையீரலை மற்றோர் அத்தியாயத்திலும் வைத்துவிடுவதால், இவ்விரண்டும் ஒரே பொறியின் இரு பாகங்கள் என்பது மாணவர் மனத்தில் பதியாமலே போகிறது. எனவே இந்த வழிகாட்டி தோலில் தொடங்கி, ஒவ்வோர் அடுக்காக உள்ளே சென்று, காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே வாயு மாற்றம் நிகழும் இடத்தில் போய் நிற்கிறது. இதைப் படிக்க ஒரு கண்ணாடியும் உங்கள் கைவிரல்களும் போதும். படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிடச் சொந்த மார்பில் விரல் வைத்து எண்ணிப் பார்ப்பது நெடுநாள் நினைவில் நிற்கும்.

படி 1: மார்பெலும்புக் கோணத்தைக் கண்டுபிடியுங்கள்

கழுத்தின் அடியில், இரு காறை எலும்புகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வையுங்கள். அங்கிருந்து மார்பெலும்பின் மீது நேராகக் கீழே நகர்த்தினால், ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் தொலைவில் குறுக்காக ஓடும் ஒரு மேடு தட்டுப்படும். மார்பெலும்பின் மேற்பகுதியும் நடுப்பகுதியும் லேசான கோணத்தில் சேருமிடம் இதுவே. இந்த மேட்டிலிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அது நேராக இரண்டாம் விலாவின் குருத்தெலும்பில் ஏறும்.

மார்பின் உடற்கூற்றில் ஒரே ஓர் அடையாளத்தை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதல் விலா காறை எலும்பின் அடியில் மறைந்திருப்பதால் அதிலிருந்து எண்ணத் தொடங்க முடியாது. கீழிருந்து எண்ணுவதும் நம்பத்தக்கதன்று. 12ஆம் விலா சிலருக்கு மிகக் குட்டையாக இருந்து, தொடுகைக்கே அகப்படாது. மார்புக்காம்பு ஆண்களில் பொதுவாக நான்காம் விலா இடைவெளியை ஒட்டி அமைந்தாலும், பெண்களில் அதன் இடம் பெரிதும் மாறுபடுவதால் அதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. இரண்டாம் விலா மட்டுமே ஐயமின்றிப் பிடிபடும்.

இதே கோணத்திலிருந்து பின்னோக்கி ஒரு கிடைமட்டத் தளத்தை மனத்தில் வரைந்தால், அது நான்காம், ஐந்தாம் மார்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டைச் சென்றடையும். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவதும், பெருந்தமனியின் வளைவு தொடங்குவதும் முடிவதும் இந்தத் தளத்தை ஒட்டியே. நின்ற நிலையில் மூச்சுக்குழாய்ப் பிரிவு சற்றுக் கீழே இறங்கும் என்பதால், இதைப் படுத்திருக்கும் உடலுக்கான அளவாகக் கொள்ள வேண்டும்.

இப்போது இரண்டாம் விலாவிலிருந்து கீழ்நோக்கி எண்ணுங்கள். மார்பெலும்பின் ஓரத்தை ஒட்டி எண்ணினால் கீழ்க் குருத்தெலும்புகள் நெருங்கிக் கிடந்து கணக்கைக் குழப்பும். ஆகவே சற்று வெளிப்புறமாகச் சாய்ந்து இறங்குவது நல்லது. ஒரு விலா இடைவெளிக்கு அதன் மேலுள்ள விலாவின் எண்ணே பெயர். முதுகுப்புறத்தில், கைகளைத் தொங்கவிட்ட நிலையில், தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏழாம் விலாவை ஒட்டியிருக்கும். முதுகின் நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் மார்பு முள்முனைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை: அவற்றில் பல கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருப்பதால், நடு மார்பில் ஒரு முள்முனை நிற்கும் மட்டம் அதற்குரிய முள்ளெலும்பின் மட்டமன்று, அடுத்த கீழ் எலும்பின் மட்டமாகும்.

படி 2: விலா எலும்பின் வடிவத்தை அதன் அசைவோடு சேர்த்துப் படியுங்கள்

விலாக்கள் 12 இணைகள். ஆணுக்கு ஒரு விலா குறைவு என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் உண்டு. இரு பாலருக்கும் எண்ணிக்கை ஒன்றே. முதல் ஏழும் தத்தம் குருத்தெலும்பால் நேரடியாக மார்பெலும்போடு இணைகின்றன. எட்டு, ஒன்பது, பத்தாம் விலாக்களின் குருத்தெலும்புகள் மேலுள்ளதோடு ஒட்டிக்கொண்டு, வயிற்றின் மேல் எல்லையாக நாம் தொட்டுணரும் அந்த வளைந்த விளிம்பை அமைக்கின்றன. கடைசி இரண்டும் முன்புறம் எதனோடும் சேராமல் தசைக்குள்ளேயே முடிகின்றன.

ஒரு சராசரி விலாவைக் கையில் எடுத்தால் அதன் தலை, கழுத்து, புடைப்பு, வளைவு, தண்டு ஆகியவற்றைக் காணலாம். தலையில் இரு முகப்புகள் உண்டு. ஒன்று தன் எண்ணுக்குரிய முள்ளெலும்போடும், மற்றது அதற்கு மேலுள்ள முள்ளெலும்போடும் பொருந்தும். புடைப்பு தன் முள்ளெலும்பின் பக்கக் கிளையோடு சேரும். இவ்வாறு ஒவ்வொரு விலாவும் முதுகெலும்பில் இரு இடங்களில் ஊன்றியிருப்பதால், அது எல்லாத் திசையிலும் ஆட முடியாது. இந்த இரு ஊன்றுகளையும் இணைக்கும் கோடே அதன் சுழலச்சு ஆகிறது.

மேல் விலாக்களில் இந்த அச்சு பெரும்பாலும் குறுக்காக அமைந்திருக்கிறது. எனவே அவை உயரும்போது மார்பெலும்பு கைப்பம்பின் பிடிபோல முன்னும் மேலும் எழும்பி, மார்பின் முன்பின் அளவைக் கூட்டுகிறது. கீழ் விலாக்களில் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், அவை வாளியின் பிடியைப் பக்கத்திலிருந்து தூக்குவதுபோல வெளிப்புறமாக எழுந்து அகலத்தைக் கூட்டுகின்றன. ஒரு கையை மார்பெலும்பின் மேலும் மற்றொரு கையை அக்குளுக்குக் கீழே பக்கவாட்டிலும் வைத்து ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள். இரு கைகளும் வெவ்வேறு திசைகளில் தள்ளப்படுவது தெளிவாகத் தெரியும்.

முதல் விலா இந்தக் கூட்டத்தில் தனி வகை. அது குட்டையானது, தட்டையானது, கூர்மையாக வளைந்தது, அதிகம் அசையாதது. அதன் மேற்பரப்பில், கழுத்திலிருந்து இறங்கும் ஸ்கேலீன் தசை வந்து ஒட்டும் சிறு புடைப்புக்கு முன்புறம் கைக்குச் செல்லும் சிரையும், பின்புறம் தமனியும் நரம்புக் கற்றையும் கடக்கின்றன. இந்தக் குறுகிய வழி மேலும் நெருக்கப்பட்டால், நோயாளி கையில் மரத்துப்போதல் என்ற முறையீட்டோடு வருவார். கோளாறோ மார்பின் உச்சியில் இருக்கும்.

படி 3: விலா இடைவெளிக்குள் இறங்குங்கள்

இடைவெளியை நிரப்பும் தசைகள் மூன்று அடுக்கு. வெளி விலாவிடைத் தசையின் நார்கள், சட்டைப் பைக்குள் கைவிட்டால் விரல்கள் நோக்கும் திசையில், முன்னும் கீழுமாக ஓடும். உள் விலாவிடைத் தசையின் நார்கள் அதற்குக் குறுக்காகப் பின்னும் கீழுமாக ஓடும். மூன்றாவதான உள்ளார்ந்த அடுக்கு மெல்லியது, முழுமையற்றது. வெளித்தசை மூச்சிழுக்கவும், உள்தசையின் எலும்பிடைப் பகுதி வலிந்து மூச்சு விடவும் உதவுகின்றன என்பது பொது விதி. இவற்றின் மற்றொரு பணி அதிகம் பேசப்படுவதில்லை: மூச்சிழுக்கும்போது மார்பின் உள்ளழுத்தம் குறைவதால், இந்தத் தசைகள் இறுகி நிற்காவிட்டால் இடைவெளிகள் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். கடுமையாக மூச்சுத் திணறும் குழந்தையின் விலா இடைவெளிகள் ஒவ்வொரு மூச்சுக்கும் குழிவதைப் பார்த்தவர்களுக்கு இது விளக்கமின்றியே புரியும்.

இரண்டாம், மூன்றாம் அடுக்குகளுக்கு நடுவே, மேல் விலாவின் கீழ்விளிம்பில் உள்ள பள்ளத்தை ஒட்டி, மேலிருந்து கீழாகச் சிரை, தமனி, நரம்பு என்ற வரிசையில் மூன்றும் ஓடுகின்றன. சிரையும் தமனியும் பள்ளத்தில் பதுங்கிக்கொள்ள, நரம்பு சற்று வெளியே தெரியும்படி கீழே நிற்கிறது. மார்புக்குள் தேங்கிய நீரை எடுக்க ஊசி செலுத்துபவர் கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே செலுத்த வேண்டும் என்ற விதி இந்த ஒரே அமைப்பிலிருந்து பிறந்தது. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் பதற்றத்தில் தலைகீழாக நினைவுகூரலாம். பள்ளம் எந்த விளிம்பில் உள்ளது என்பதை அறிந்தவருக்கு அந்தக் குழப்பம் வராது.

விலாவிடை நரம்புகள் தோலுக்கும் உணர்வு தருகின்றன. நான்காம் மார்பு நரம்பு மார்புக்காம்பு மட்டத்தையும், பத்தாம் நரம்பு தொப்புள் மட்டத்தையும் சார்ந்தவை. அக்கி நோயின் கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோல ஓடி நடுக்கோட்டில் நின்றுவிடுவது, அந்த ஒரு நரம்பின் ஆட்சிப் பரப்பைத் தோலில் வரைந்து காட்டுவதாகும். மார்பெலும்பின் இரு ஓரங்களிலும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளி, குருத்தெலும்புகளின் பின்னே உள் மார்புத் தமனி இறங்குகிறது. அடைபட்ட இதயத் தமனியைத் தாண்டி இரத்தத்துக்கு வழி அமைக்கும் மாற்றுவழி (பைபாஸ்) அறுவையில், அந்த வழிக்கு இடப்பக்க உள் மார்புத் தமனியையே முதலில் தேர்வது வழக்கம்.

படி 4: மார்பின் தரையைப் புரிந்துகொள்ளுங்கள்

உதரவிதானம் தட்டையான தளம் அன்று. இரு குவிமாடங்களாக மார்புக்குள் உயர்ந்து நிற்கும் தசைக் கூரை. மூச்சு முழுதும் வெளியேறிய நிலையில் வலக் குவிமாடம் ஐந்தாம் விலா வரையிலும், இடக் குவிமாடம் அதற்குச் சற்றுக் கீழ் வரையிலும் எழுகிறது. ஆகவே ஆறாம் விலாவில் பக்கவாட்டாகக் கத்தி பாய்ந்தால் காயம் மார்பில் மட்டுமே நிற்கும் என்று கருதக் கூடாது. விலாக்கூட்டின் கீழ்ப்பாதிக்குள் கல்லீரலும் மண்ணீரலும் இரைப்பையின் ஒரு பகுதியும் பாதுகாப்பாக அமர்ந்திருக்கின்றன.

அதில் மூன்று பெரிய வாயில்கள் உண்டு. கீழ்ப் பெருஞ்சிரை எட்டாம் மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் நடுத்தசைநாண் வழியாகவும், உணவுக்குழாய் பத்தாம் மட்டத்தில் தசைநார்களுக்கு இடையிலும், பெருந்தமனி 12ஆம் மட்டத்தில் உதரவிதானத்தின் பின்னாகவும் செல்கின்றன. சிரை செல்லும் துளை தசைநாணில் அமைந்திருப்பதால், உதரவிதானம் சுருங்கும்போது அது நெரிபடாமல் விரிந்தே நிற்கிறது.

உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் தண்டுவட நரம்புகளிலிருந்து கிளம்பி மார்பு முழுவதையும் கடந்து வருகிறது. கருவில் உதரவிதானம் கழுத்தருகே உருவாகிப் பின்னர் கீழிறங்கியதன் தடயம் இது. உதரவிதானத்தின் நடுப்பகுதியைக் கீழிருந்து உறுத்தும் இரத்தமோ சீழோ தோள்முனையில் வலியாகத் தோன்றுவதற்கு இந்தப் பூர்விகமே காரணம்; தோள்முனைத் தோலுக்கு உணர்வு தருவதும் அதே கழுத்து நரம்புகள்தான். கழுத்துத் தண்டுவடம் ஐந்தாம் மட்டத்துக்குக் கீழே துண்டிக்கப்பட்டவர், விலாவிடைத் தசைகள் செயலிழந்தும், உதரவிதானத்தின் துணையால் தாமாகவே மூச்சுவிட முடிவதும் இதனால்தான்.

படி 5: இரு உறைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய ஈரம்

நுரையீரலைப் போர்த்தும் ப்ளூரா என்ற உறை, நுரையீரல் வாயிலில் திரும்பி மார்புச் சுவரின் உட்புறத்தையும் போர்த்துகிறது. இரண்டு ஏடுகளுக்கும் நடுவே சில மில்லிலிட்டர் திரவமே உள்ளது. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் வழுக்கும். ஆனால் பிரிக்க வராது. அதுபோலவே சுவர் நகரும் இடமெல்லாம் நுரையீரலும் நகர வேண்டியதாகிறது.

மார்புச் சுவர் இயல்பில் வெளியே விரிய முயல்கிறது. நுரையீரல் இயல்பில் உள்ளே சுருங்க முயல்கிறது. இந்த இழுபறியினால் இரு ஏடுகளுக்கு இடையிலுள்ள அழுத்தம் வளி அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கிறது; அமைதியான மூச்சின் முடிவில் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் நீர் அளவுக்கு (அவ்வளவு உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம்) குறைவு. சுவரிலோ நுரையீரலிலோ ஓட்டை விழுந்து காற்று நுழைந்தால் இந்தப் பிணைப்பு அறுபடும். அப்போது நுரையீரல் சுருங்குகிறது, மார்புச் சுவரோ சற்று வெளியே எழும்புகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகுவதே, அதுவரை அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தன என்பதற்குச் சான்று.

வெளி ஏடு வலியை உணரும், உள் ஏடு உணராது. நுரையீரலின் ஆழத்தில் கட்டி வளர்ந்தும் வலி இல்லாதிருப்பதும், அழற்சி சுவரை எட்டியதும் ஒவ்வொரு மூச்சும் குத்துவதும் இந்த வேறுபாட்டால் வருபவை.

கீழ் எல்லைகளை நினைவில் கொள்ள எளிய வழி இரண்டிரண்டாக எண்ணுவது. நுரையீரல் முன்புறம் காறை எலும்பின் நடுக்கோட்டில் ஆறாம் விலாவிலும், அக்குள் நடுக்கோட்டில் எட்டாம் விலாவிலும், பின்புறம் முதுகெலும்பருகே பத்தாம் விலாவிலும் முடிகிறது. உறையின் எல்லை அதே கோடுகளில் எட்டு, பத்து, பன்னிரண்டு. இடையில் எஞ்சும் இரு விலா அளவு இடம் வெறுமையானது அன்று. அது ஆழ்ந்த மூச்சுக்கான ஒதுக்கிடம். நின்றிருப்பவருக்கு நீர் கோத்தால் அது முதலில் தேங்குவதும் இங்கேதான். மேல் எல்லையில் நுரையீரலின் உச்சி காறை எலும்பின் உட்பகுதிக்கு மேல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கழுத்துக்குள் நீண்டிருக்கிறது. கழுத்துச் சிரையில் ஊசி ஏற்றுவோர் மறக்கக் கூடாத செய்தி இது.

படி 6: மடல்களை மார்பின் மேல் வரையுங்கள்

வல நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இட நுரையீரலுக்கு இரண்டு. இதயம் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் இட நுரையீரல் சற்றுச் சிறியது, அதன் முன்விளிம்பில் ஒரு வெட்டும், வெட்டின் அடியில் நாக்குப் போன்ற ஒரு நீட்சியும் உண்டு. வல நுரையீரல் குட்டையானது. ஆயினும் அகலமானது, எடை கூடியது.

மடல்களைப் பிரிக்கும் சாய்வுப் பிளவை வரைய, முதுகில் மூன்றாம் மார்பு முள்முனையை ஒட்டித் தொடங்கி, பக்கவாட்டில் ஐந்தாம் விலா வழியாக இறங்கி, முன்னே ஆறாம் விலாக் குருத்தெலும்பில் முடியுங்கள். கையைத் தூக்கித் தலையின் பின்னே வைத்தால், தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு ஏறத்தாழ இந்தக் கோட்டில் வந்து நிற்கும். வலப்பக்கம் மட்டும், நான்காம் விலாக் குருத்தெலும்பின் மட்டத்தில் ஒரு கிடைமட்டக் கோடு இழுத்து, அக்குள் நடுக்கோட்டில் சாய்வுப் பிளவோடு சேருங்கள்.

வரைந்து முடித்தபின் அந்தக் கோடுகளை நிதானமாகப் பாருங்கள். முன்மார்பு முழுவதும் பெரும்பாலும் மேல் மடலுக்கும், வலப்புறத்தில் நடு மடலுக்கும் உரியது. முதுகு பெரும்பாலும் கீழ் மடலுக்கு உரியது. ‘மேல்’, ‘கீழ்’ என்ற பெயர்களே மாணவரை ஏமாற்றுகின்றன. உண்மையில் அவற்றை முன், பின் என்று அழைத்திருந்தாலும் பெரிய பிழையாகாது. முதுகில் ஸ்டெதஸ்கோப் வைக்காமல் சோதனையை முடித்தவர் கீழ் மடல்களைக் கேட்கவே இல்லை என்று பொருள். வல நடு மடலை முன்புறம் நான்காம், ஆறாம் விலாக்களுக்கு இடையிலும் அக்குளிலுமே கேட்க முடியும்.

1761இல் ஆவன்புருகர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் மார்பைத் தட்டிக் கேட்கும் முறையை வெளியிட்டார். 1816இல் லென்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டறிந்தார். முதல் முறையை நீங்களும் செய்யலாம். இடக்கை நடுவிரலை வலப்பக்க விலா இடைவெளியில் அழுத்தி வைத்து, வலக்கை விரல்நுனியால் அதைத் தட்டியபடி இறங்குங்கள். காற்று நிறைந்த நுரையீரலின் மேல் எதிரொலிக்கும் ஓசை, ஐந்தாம் அல்லது ஆறாம் விலாவை எட்டியதும் மந்தமாகும். கல்லீரலின் மேலெல்லை அது.

படி 7: குழல்களைப் பின்தொடருங்கள்

மூச்சுக்குழாய் பத்து முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது. 16 முதல் 20 வரையிலான, பின்புறம் திறந்த குருத்தெலும்பு வளையங்களால் தாங்கப்படுகிறது. திறந்த பின்புறத்தில் உணவுக்குழாய் ஒட்டியிருக்கிறது. வலக் கிளைக்குழல் அகலமாகவும் குட்டையாகவும் செங்குத்தாகவும் அமைந்திருப்பதால், புரையேறிய பொருள் பெரும்பாலும் வலப்பக்கமே செல்லும்.

அங்கிருந்து குழல்கள் ஏறத்தாழ 23 தலைமுறைகளாகக் கிளைக்கின்றன. முதல் 16 தலைமுறைகள் காற்றைக் கடத்த மட்டுமே பயன்படுகின்றன. அவற்றில் தேங்கும் சுமார் 150 மில்லிலிட்டர் காற்று இரத்தத்தைத் தொடாமலே திரும்புகிறது. ஓய்வில் ஒரு மூச்சு சுமார் 500 மில்லிலிட்டர் என்றால், அதில் 350 மில்லிலிட்டரே பயன்படுகிறது. மேலோட்டமாக வேகமாக மூச்சுவிடுவோர் களைத்துப்போவதன் கணக்கு இதில் உள்ளது. ஒவ்வொரு மடலும் தனக்கெனக் குழலும் தமனியும் கொண்ட துண்டங்களாகப் பிரிவதால், நோயுற்ற ஒரு துண்டத்தை மட்டும் அறுத்தெடுக்க இயலுகிறது. வலப்பக்கம் பத்துத் துண்டங்கள். இடப்பக்கம் சில ஒன்றுசேர்வதால் எட்டு முதல் பத்து வரை எண்ணுவர்.

படி 8: நுண்ணறையில் நின்று பாருங்கள்

குழல்களின் முடிவில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள். முப்பது கோடி என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் எண், அதைவிடக் கூடுதலாகவும் அளந்திருக்கிறார்கள். அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவர், மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகி தவளையின் நுரையீரலில்தான் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய இரத்தக் குழாய்களை முதன்முதலாக நுண்ணோக்கியில் கண்டார். ஓய்வில் ஒரு சிவப்பணு மனித நுண்ணறையின் தந்துகியில் இருக்கும் நேரம் முக்கால் விநாடி. ஆக்சிஜன் ஏற அதில் மூன்றில் ஒரு பங்கே போதும்.

இவ்வளவு சிறிய ஈரக் குமிழிகள் பரப்பு இழுவிசையால் சுருங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாதிருப்பது, நுண்ணறையின் இரண்டாம் வகைச் செல்கள் சுரக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்புப் படலத்தினால். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு இதன் குறைவே காரணம் என்பதை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினர். அக்குழந்தைகளின் மார்புச் சுவர் குருத்தெலும்பு மிகுந்து மென்மையாக இருப்பதால், விறைத்த நுரையீரலை விரிக்க முயலும்போது நுரையீரல் விரிவதற்குப் பதிலாகச் சுவரே உட்குழிகிறது.

நுரையீரலுக்கு இரத்தம் இரு வழியில் வருகிறது. இதயத்தின் வல அறையிலிருந்து வரும் நுரையீரல் தமனி கரியமில வாயு மிகுந்த இரத்தத்தைத் தாழ்ந்த அழுத்தத்தில், சராசரி 15 மில்லிமீட்டர் பாதரச அளவில், கொண்டுவருகிறது. பெருந்தமனியிலிருந்து பிரியும் சிறு தமனிகள் குழல்களின் சுவருக்கு உணவூட்டுகின்றன.

படி 9: ஒரு மூச்சை முழுதாகப் பின்தொடருங்கள்

படுத்து, ஒரு கையை வயிற்றிலும் மற்றொன்றைக் கீழ் விலாக்களிலும் வையுங்கள். மூச்சிழுக்கும்போது உதரவிதானம் தாழ்ந்து வயிற்று உறுப்புகளை அழுத்துவதால் முதலில் வயிறு எழும். விலாக்கள் வாளிப்பிடிபோல விலகும். ப்ளூராவின் ஈரத்தால் பிணைந்த நுரையீரல் அதைத் தொடர்ந்து விரிய, நுண்ணறைகளின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஒரு சென்டிமீட்டர் நீர் அளவே குறைந்து, காற்று உள்ளே வருகிறது. மூச்சு விடுவதற்கு அமைதியான நிலையில் தசை எதுவும் உழைக்க வேண்டியதில்லை. இழுபட்ட நுரையீரல் தானே சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் முடிந்து அடுத்த மூச்சு தொடங்குமுன் ஒரு சிறு இடைநிறுத்தம் உண்டு. அப்போது நுரையீரல் உள்ளே இழுக்கும் விசையும் மார்புச் சுவர் வெளியே இழுக்கும் விசையும் சமமாக நிற்கின்றன. வளர்ந்தவரின் நுரையீரலில் அந்நேரத்தில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கிறது.